முகங்களைத் தேடி அலைந்தவர்

சரித்திர நாவல் எழுதுகிறவனை வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதில் நடந்தது எவ்வளவு, நீங்கள் சேர்த்தது எவ்வளவு?" என்னையும் கேட்டிருக்கிறார்கள். நேர்மையாகப் பதில் சொல்வது சுலபமல்ல. அப்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறவர் நாவலாசிரியர் அல்ல. ஜான் டிரம்புல் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர். பட்டாளத்திலிருந்து சித்திரத்துக்கு வந்தவர் அவர்.

1756-ல் கனெக்டிகட்டில் பிறந்தார். தகப்பனார் அந்தப் பிரதேசத்தின் கவர்னர். சிறு வயதில் கீழே விழுந்ததில் ஒரு கண்ணின் பார்வை கெட்டுவிட்டது. ஹார்வர்டில் படித்தவர், 1775-ல் சுதந்திரப் போர் மூண்டதும் பட்டாளத்தில் சேர்ந்தார். எதிரியின் அரண்களைப் படம் வரைந்து காட்டியதால் வாஷிங்டனின் கவனத்துக்கு வந்து, சில நாட்கள் அவருக்கு உதவி அதிகாரியாகவும் இருந்தார். கர்னல் பதவி வரை உயர்ந்தார். ஆனால் நியமன உத்தரவில் தேதியைச் சில மாதங்கள் பிந்திப் போட்டுவிட்டார்கள் என்று ரோஷப்பட்டு, 1777-ல் ராஜினாமா செய்துவிட்டார். 1780-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பெஞ்சமின் வெஸ்டிடம் சித்திரம் பயில எதிரியின் தலைநகரான லண்டனுக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே சிறையில் அடைக்கப்பட்டு, மறு வருஷம்தான் வெளியே வந்தார். அப்படியும் ஆசை விடவில்லை. சமாதானம் ஏற்பட்டதும் மறுபடி அதே வெஸ்டிடம் போனார்.

1786-ல் அவர் முடித்த முதல் பெரிய சாதனை, பங்கர் குன்றில் ஜெனரல் வாரன் மடிவதைக் காட்டும் சித்திரம். நான் பார்த்தது பிரதிகளைத்தான். பிரதியிலும் அந்தப் புகையும், சாய்ந்து நிற்கும் கொடிகளும் கண்ணை இழுக்கின்றன. கீழே கிடக்கும் வாரனை ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் துப்பாக்கி ஈட்டியால் குத்த வருகிறான். பிரிட்டிஷ் மேஜரான ஸ்மால் அதைத் தடுக்கிறார். எதிரியிடமும் தர்மம் இருந்தது என்று சொல்லும் கட்டம்.

ஆனால் இது நடந்ததல்ல. வாரன் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். உடலைக் குழியில் போட்டு மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம் தோண்டி எடுத்தபோது, அவருக்குப் பல் கட்டியிருந்த பால் ரெவியர் அந்தப் பல்லைக் கொண்டுதான் அடையாளம் சொன்னார். டிரம்புல் அன்றைய தினம் போர்க்களத்தில் இல்லை. விரிகுடாவுக்கு இப்பால், ராக்ஸ்பரியில் இருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தூரத்துப் புகையும் நெருப்பும்தான்.

அப்படியானால் அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அடுத்து அவர் எடுத்துக்கொண்டது சுதந்திரப் பிரகடனம். பாரிஸில் ஜெபர்ஸன் நினைவிலிருந்து கிறுக்கிக் கொடுத்த அறையின் வரைபடத்தை வைத்து வேலையைத் தொடங்கினார். பிறகு முகங்களைத் தேடி அலைந்தார். லண்டனில் ஆடம்ஸ், பாரிஸில் ஜெபர்ஸன், 1789-க்குப் பிறகு அமெரிக்காவில் ஊர் ஊராக மற்றவர்கள். இறந்துபோன ஹாப்கின்ஸுக்காக, அவரைப் போலவே இருந்த மகனைப் பார்த்து வரைந்தார். கையெழுத்திட்ட 56 பேரில் 42 பேரே படத்தில் உண்டு. சரியான சாயல் கிடைக்காதவர்களை அவர் கற்பனையாக வரையவில்லை, விட்டுவிட்டார்.

அறையின் கதவுகள் இடம் மாறியிருக்கின்றன. கையெழுத்திடாத சிலரும் நிற்கிறார்கள். பலர் நினைப்பதுபோல் அது கையெழுத்திடும் காட்சியும் அல்ல, நகலைச் சபையில் சமர்ப்பிக்கும் காட்சி. ஆனாலும் ஒரு முகத்தையாவது அவர் சும்மா கற்பித்துவிடவில்லை. நிகழ்ச்சியில் சலுகை எடுத்துக்கொள்வேன், மனிதனில் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்பதுதான் அவர் கொள்கை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் சரித்திர நாவல்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. தேதி, போர், பட்டாபிஷேகம் எல்லாம் சாசனப்படி இருக்கும். ராஜாவுக்கு மட்டும் முகம் இராது.

ஆனால் அந்தக் கொள்கைக்கும் ஓர் ஆபத்து உண்டு. 1817-ல் வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் மாளிகைக்காக, 12 அடி உயரமும் 18 அடி அகலமுமாக நான்கு படங்கள் எழுதும்படி 32,000 டாலருக்கு உத்தரவு வந்தது. அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். சிறு படங்களில் இருந்த துடிப்பு பெரிய படங்களில் இல்லை. முகங்கள் இருக்கின்றன, மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள், அவ்வளவுதான். படத்தில் தெரிவதெல்லாம் கால்கள்தான் என்று ஓர் அங்கத்தினர் சபையிலேயே கேலி செய்தார். நிகழ்ச்சியைச் சேர்க்கத் துணிந்த இளைஞன் போய், பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் கிழவர் வந்துவிட்டார்.

அந்த நான்கில் ஒன்று, 1781-ல் யார்க்டவுனில் காரன்வாலிஸ் சரணடைந்தது. படத்தில் காரன்வாலிஸ் இல்லை. உடல்நலமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு ஜெனரலை அனுப்பியிருந்தார். டிரம்புல் அதை உள்ளபடியே விட்டார். அதே காரன்வாலிஸைச் சென்னைக் கோட்டை மியூசியத்தில் சிலையாகப் பார்க்கலாம். 1792-ல் திப்பு தம் இரு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைத்த காட்சி பீடத்தில் செதுக்கியிருக்கிறது. தோற்ற இடத்தில் ஆளைக் காணோம், ஜெயித்த இடத்தில் பளிங்கிலே நிற்கிறார்! சரித்திரச் சித்திரம் யார் கைக்காசில் உருவாகிறது என்பதையும் வாசகர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1831-ல் வருஷத்துக்கு 1,000 டாலர் ஜீவனாம்சத்துக்குத் தம் படங்களை யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார் டிரம்புல். 1843-ல் காலமானதும் அந்தப் படங்களின் அடியிலேயே அடக்கம் செய்தார்கள். படங்கள் வேறு கட்டிடத்துக்குப் போனபோது அவரையும் கூடவே எடுத்துப் போனார்கள். 1976-லிருந்து அமெரிக்க இரண்டு டாலர் நோட்டின் பின்புறத்தில் அவருடைய பிரகடனச் சித்திரம் இருக்கிறது.

அதைக் கையில் வாங்குகிறவர்கள் ஜூலை 4-ந் தேதி இப்படித்தான் இருந்தது என்றே நம்புவார்கள். அது தவறு. ஆனால் அந்த மனிதர்கள் இப்படித்தான் இருந்தார்கள் என்று நம்பினால், பெரும்பாலும் சரி. எழுதுகிறவனுக்கு அந்தச் சரி போதும் என்றே நான் நினைக்கிறேன்.