இசட்.எஃப்.எஸ்.: கோப்பு முறையில் கடைசிச் சொல்தானா?

ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்து இசட். அந்த எழுத்தைத் தலைப்பில் தாங்கிய இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் அறிவித்து, 2005-இல் அதன் மூல நிரலையும் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் இருவரான ஜெஃப் பான்விக்கும் பில் மூரும் கணிப்பொறி நிர்வாகிகளுக்கு அதை அறிமுகப்படுத்த ஒரு விளக்கத் தொகுப்பைத் தயாரித்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட தலைப்பு ‘கோப்பு முறைகளில் கடைசிச் சொல்’ என்பது. இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் இம்முறையைப் பற்றி எழுதப்படும் அறிமுகங்களில் அத்தொகுப்பின் வாடை வீசுகிறது. அது சொல்வதில் எவ்வளவு மெய், அது சொல்லாமல் விட்டது என்ன என்று பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

முதலில், கோப்பு முறை என்றால் என்ன? கணிப்பொறியின் வட்டு, எண்ணிட்ட கட்டங்கள் நிறைந்த வெறும் பரப்பு. நாம் ஒரு பெயரிட்டுச் சேமிக்கும் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது, எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று கணக்கு வைத்துக் கொள்வதே கோப்பு முறையின் வேலை. வீட்டுக் கணிப்பொறியில் இதைப்பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. நூறு வட்டுகளில் பிறருடைய ஆய்வு முடிவுகளையோ நோயாளிகளின் குறிப்புகளையோ காக்கும் பொறுப்பை ஏற்ற நிர்வாகிக்கோ, தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் இது.

வட்டு அடியோடு கெட்டுப்போனால் தெரிந்துவிடும். வேறொன்றை மாற்றிக் கொள்ளலாம். ஆனால் வட்டு பொய் சொன்னால்? ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருப்பது, 500-ஆம் கட்டத்தில் எழுத வேண்டியதை 900-ஆம் கட்டத்தில் எழுதுவது, வரும் வழியில் ஒரு பிட் புரண்டு போனதை அறியாமல் அப்படியே கொடுப்பது ஆகிய எல்லாம் நடக்கின்றன. ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் 2007-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளில் ஏறத்தாழ 2 கிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை இரண்டு மணிக்கு ஒருமுறை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டார்கள். ஐந்து வாரங்களில் 100 கணிப்பொறிகளில் 500 பிழைகள் கண்டன. எழுதியது ஒன்று, படித்தது வேறொன்று! அன்று பரவலாகப் புழக்கத்தில் இருந்த கோப்பு முறைகள் வட்டு கொடுத்ததை அப்படியே நம்பி நம்மிடம் நீட்டிவிடும்.

இசட்.எஃப்.எஸ்.ஸின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. அது வட்டை நம்புவதில்லை. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ரயிலில் சாக்கு மூட்டை அனுப்புகிறோம். ‘இதில் 40 கிலோ துவரம் பருப்பு’ என்று ஒரு சீட்டு எழுதி மூட்டைக்குள்ளேயே போட்டுவிட்டால், பெறுபவர் எடை போட்டுச் சீட்டோடு ஒப்பிடலாம். வழியில் பருப்பு சிந்தியிருந்தால் தெரிந்துவிடும். ஆனால் முற்றிலும் வேறொருவருடைய மூட்டை வந்து சேர்ந்தால்? அதற்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். எடையும் அந்தச் சீட்டோடு பொருந்தும்! அனுப்பியவர் சீட்டைத் தனியே தபாலில் அனுப்பியிருந்தால்தான் குட்டு வெளிப்படும்.

வட்டுகள் நெடுங்காலமாகவே ஒவ்வொரு கட்டத்தோடும் ஒரு சரிபார்ப்புத் தொகையை வைத்திருக்கின்றன. அது மூட்டைக்குள் இட்ட சீட்டு. இசட்.எஃப்.எஸ். அத்தொகையைத் தனியே வைக்கிறது. ஒரு தொகுதி எங்கே இருக்கிறது என்று சுட்டும் மேல்நிலைத் தொகுதி, அதன் முகவரியோடு அதன் சரிபார்ப்புத் தொகையையும் குறித்து வைத்திருக்கும். அந்த மேல்நிலைத் தொகுதிக்கான தொகை அதற்கும் மேலே உள்ளதில் இருக்கும். இப்படியே கிளை, கொம்பு, அடிமரம் என்று வேர்வரை போகிறது. வட்டு இடம் மாற்றி எழுதினாலும், எழுதாமலே விட்டாலும், படிக்கும்போது கணக்கு உதைக்கும். உடனே, இரட்டைப் பிரதி வைத்திருந்தால் மற்றப் பிரதியைப் படித்து நம்மிடம் தந்துவிட்டு, கெட்ட பிரதியைத் தானே திருத்தியும் விடுகிறது. பிரதி இல்லாவிட்டால், தவறான தகவலைத் தருவதற்குப் பதில் ‘படிக்க இயலவில்லை’ என்று மறுத்துவிடுகிறது. ஒரு மருந்தளவோ வங்கிக் கணக்கோ கிடைக்காமல் போவது தொல்லை; தவறாகக் கிடைப்பது ஆபத்து. இந்த வேறுபாட்டை உணர்ந்து செய்த முறை என்பதால்தான் இதைப் போற்ற வேண்டியிருக்கிறது.

அறிமுகங்களோ இதைவிட வேறொன்றையே பெரிதாகப் பேசுகின்றன: எளிமை. வட்டு ஒவ்வொன்றையும் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோப்பு முறை அமைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, எல்லா வட்டுகளையும் ஒரே குளமாக்கி வேண்டியவர் வேண்டிய அளவு மொண்டு கொள்ளலாம். ‘இசட்பூல் கிரியேட்’ என்று ஓர் ஆணையிட்டால் குளம் தயார். அக்காலத்து நிர்வாகிகள் பட்ட பாட்டை நினைத்தால் இது பெரிய விடுதலை என்பதை மறுப்பதற்கில்லை. இருக்கும் தொகுதியின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றும் வழக்கத்தால், நேற்றைய நிலையை நிழற்படம்போல் ஒரு நொடியில் பிடித்து வைக்கவும் முடிகிறது. (அது அதே வட்டுகளில் இருப்பதால் வெளியே எடுத்து வைக்கும் பிரதிக்கு ஈடாகாது.) இந்த உத்தி சன் நிறுவனத்தாரே புதிதாகக் கண்டதும் அன்று; நெட்ஆப் நிறுவனம் 1990-களிலேயே தன் கோப்பு முறையில் இதைக் கையாண்டது. இரு நிறுவனங்களுக்கும் இடையே 2007-இல் காப்புரிமை வழக்கும் எழுந்து, 2010-இல் கைவிடப்பட்டது.

இனிக் குறைகளுக்கு வருவோம். ‘முனைக்கு முனை, நிரூபிக்கத்தக்க நம்பகம்’ என்று விளக்கத் தொகுப்பு உரிமை கொண்டாடுகிறது. எந்த முனைக்கு எந்த முனை? இதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் நால்வர் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். வட்டில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தினார்கள், இசட்.எஃப்.எஸ். நன்றாகவே தாக்குப் பிடித்தது. பிறகு கணிப்பொறியின் நினைவகத்தில் பிட்டுகளைப் புரட்டினார்கள். அங்கே அது தடுமாறியது. சிலபோது தவறான தகவலைத் தந்தது, சிலபோது நிலைகுலைந்து நின்றது. காரணம் புரியக்கூடியதே. சரிபார்ப்புத் தொகை கணக்கிடப்படுவதற்கு முன்பே தகவல் நினைவகத்தில் கெட்டுவிட்டால், கெட்ட தகவலுக்கே ஒரு சரியான தொகை எழுதப்பட்டுவிடும். மூட்டை கட்டும்போதே பருப்புக்குப் பதில் கடலையைக் கட்டி, தபாலிலும் ‘கடலை’ என்று சீட்டு அனுப்பியது போல! பிழை திருத்தும் நினைவகம் பொருத்திய கணிப்பொறியை வாங்குங்கள் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான். குறைந்த விலைக் கணிப்பொறிகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

இதைவிட ஆழமாக உறுத்தும் நிகழ்ச்சி 2023 நவம்பரில் தெரிய வந்தது. அப்போதுதான் எழுதப்பட்ட ஒரு கோப்பை உடனே பிரதி எடுத்தால், அரிதாகச் சில நேரங்களில், பிரதியின் சில பகுதிகள் வெறும் சுழிகளாகவே இருந்தன. புதிதாக வந்த 2.2 பதிப்பின் ஒரு வசதியே குற்றவாளி என்று முதலில் எண்ணினார்கள். ஆராய்ந்ததில் குறை பல ஆண்டுகளாகவே நிரலுக்குள் உறங்கிக் கொண்டிருந்தது தெரிந்தது. ‘இந்தக் கோப்பில் எங்கெங்கே வெற்றிடம்?’ என்று பிரதி எடுக்கும் நிரல் கேட்க, இன்னும் வட்டுக்குப் போய்ச் சேராத பகுதியையும் ‘வெற்றிடம்’ என்று கோப்பு முறை பதில் சொல்லியிருக்கிறது. சில நாட்களுக்குள் திருத்தம் வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கெட்ட பிரதிகளின் சரிபார்ப்புத் தொகைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. வட்டுகள் முழுவதையும் படித்துச் சோதிக்கும் ‘ஸ்க்ரப்’ என்ற வேலையை எத்தனை முறை ஓட்டினாலும் ‘பிழை ஏதுமில்லை’ என்றே வரும். சரிபார்ப்புத் தொகை வட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதை எழுதிய நிரலுக்கு எதிராகச் சொல்லாது. ஆகவே ‘நிரூபிக்கத்தக்க’ என்ற அடைமொழி மிகை. ‘வட்டின் பொய்யைக் கண்டுபிடிக்கும்’ என்று சொல்லியிருந்தால் அதுவே பெரிய பெருமையாக இருந்திருக்கும்.

எளிமை என்ற பேச்சிலும் ஒரு வஞ்சகம் உண்டு. ஆணை எளிது, அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று. பல வட்டுகளில் தகவலைப் பரப்பி, உபரித் தகவலையும் சேர்த்து எழுதும் ‘ரெய்டு-இசட்’ அமைப்பை எடுத்துக் கொள்வோம். ஆறு வட்டுகளோடு தொடங்கியவர் அதை ஏழாக அகலப்படுத்த விரும்பினால் 2025 ஜனவரி வரை வழி இல்லை. அப்போது வந்த 2.3 பதிப்புதான் அதற்கு வழி செய்தது. அதிலும் பழைய கோப்புகள் பழைய விகிதத்திலேயே இருக்கும். இன்னும் மோசம், ‘சேர்’ என்பதற்கும் ‘இணை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. ஒற்றை வட்டொன்றை அந்தக் குளத்தோடு தவறாகச் ‘சேர்’த்துவிட்டால், அது குளத்தின் பிரிக்க முடியாத அங்கமாகிவிடும். பின்னொரு நாள் அந்த ஒற்றை வட்டு செத்தால் குளம் முழுவதும் போய்விடும். முறை எச்சரிக்கத்தான் செய்கிறது. அவசரத்தில் இருப்பவர் ‘வலிந்து செய்’ என்ற குறியைச் சேர்த்துத் தட்டினால் மறுபேச்சின்றிக் கீழ்ப்படிகிறது. முன்னதாகவே ஒரு மீட்பு நிலையைக் குறித்து வைத்திருந்தாலன்றி, எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்து, குளத்தை அழித்து, மீண்டும் கட்டுவதே வழி. முதல் நாளில் ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முடிவு ஐந்து ஆண்டு பிடித்துக் கொள்ளும் என்று அறிமுகப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.

அந்த இடத்தை வேறு வீரப்பேச்சுகள் அடைத்துக் கொண்டன. இசட்.எஃப்.எஸ். 128 பிட் முகவரியைக் கொண்டது. அத்தனை இடத்தையும் நிரப்ப வேண்டுமானால் உலகக் கடல்களையெல்லாம் கொதிக்க வைப்பதைவிட மிகுந்த ஆற்றல் தேவைப்படும் என்று பான்விக் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கு சுவையானது, மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். நிர்வாகிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. 64 பிட்டுக்கே ஏறத்தாழ 1 கோடியே 84 லட்சம் டெராபைட் இடம் உண்டு.

கடைசியாக, நிரலுக்கு வெளியே உள்ள ஒரு சிக்கல். சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கி, அவ்வாண்டே மூல நிரலின் வாசலை அடைத்தது. அதற்கு முன் வெளியான நிரலை வைத்துத் தன்னார்வலர்களும் சில நிறுவனங்களும் வளர்ப்பதே 2013 முதல் ‘ஓபன் இசட்.எஃப்.எஸ்.’ எனப்படுவது. லினக்ஸில் அதை ஓட வைத்த பெரும்பணி அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. ஆனால் இதன் உரிமமும் லினக்ஸின் உரிமமும் ஒத்துப் போவதில்லை என்ற கருத்து வலுவாக இருப்பதால், லினக்ஸ் கருவின் முதன்மைத் தொகுப்பில் இதற்கு இடமில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2020-இல் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே வெளிப்படையாகச் சொன்னார். 2016-இல் தொடங்கி உபுண்டு துணிந்து சேர்த்துத் தருகிறது. ஃப்ரீபிஎஸ்டியிலோ இந்தச் சிக்கலே இல்லை. மற்ற லினக்ஸ் வகைகளில் இதை ஓட்டுபவர், கருவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கேற்ற இசட்.எஃப்.எஸ். பதிப்பு வந்துவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்துக் கொள்ள வேண்டும். இல்லையேல், கணிப்பொறி நன்றாகவே விழித்தெழும்; குளத்தை மட்டும் அதனால் திறக்க முடியாது.