இன்ரோனும் எக்சோனும்: ஒரு பக்கக் கட்டுரை பற்றிய மதிப்பீடு

உயிரியல் பயிலும் மாணவர் ஒருவரின் பாடக்குறிப்பில், 'இன்ரோன் என்பது பயனற்ற பகுதி' என எழுதியிருக்கக் கண்டேன். விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லேன். சொல்லும் பொருளும் ஆராய்தலே என் தொழில். ஆயினும் அச்சொல் பிறந்த இடத்தை நாடிச் சென்றபோது, வால்ரர் கில்பேட் என்னும் அமெரிக்க அறிஞர் 1978இல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஒரு பக்கக் கட்டுரையைக் கண்டேன். பரம்பரையலகுகள் துண்டுபட்டுக் கிடப்பது ஏன் என்பதே அதன் வினா.

அவ்வினா எழுந்த சூழலை முதற்கண் அறிதல் வேண்டும். பீடிலும் டேற்றமும் 1941இல் பூஞ்சணத்தை ஆராய்ந்து வெளியிட்ட முடிபுகளிலிருந்து, ஒரு பரம்பரையலகுக்கு ஒரு நொதியம் என்னும் கொள்கை வேரூன்றியது. 1977இல் பிலிப் ஷார்ப் குழுவினரும் றிச்சாட் றொபேட்ஸ் குழுவினரும் அடினோவைரசை ஆராய்ந்து, டி.என்.ஏ.யில் ஒன்றுக்கொன்று சேய்மையிலுள்ள பகுதிகள் தூது ஆர்.என்.ஏ.யில் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டனர். முதலில் நீண்ட ஆர்.என்.ஏ. தோன்றுகின்றது, கலத்தின் கருவினுள் இடைப்பகுதிகள் வெட்டி நீக்கப்படுகின்றன, எஞ்சியவை ஒட்டப்பெற்றுக் குழியவுருவை அடைகின்றன. நீக்கப்படுவதற்கு இன்ரோன் எனவும், எஞ்சி வெளிப்படுவதற்கு எக்சோன் எனவும் கில்பேட் பெயர் சூட்டினார்.

பெயரினும் பெரிது அவருடைய ஊகம். ஒட்டுதல் எஞ்ஞான்றும் ஒரே வகையாக நிகழவேண்டுவதில்லை. ஆகவே பழைய புரதத்தை இழவாமலே கலம் புதியதொன்றையும் ஆக்கிப் பார்க்கலாம். ஒரேயொரு மூலத்தின் மாற்றமே ஒட்டும் முறையை மாற்றிவிடலாம் என்றார். சான்றுகள் பின்னர் வந்தன. ஒரே பரம்பரையலகின் ஆர்.என்.ஏ. இருவகையாக ஒட்டப்படுவதால், பிறபொருளெதிரி ஒன்று கலமென்சவ்வில் தங்கும் வடிவையும் வெளியே சுரக்கப்படும் வடிவையும் பெறுவது 1980இல் அறியப்பட்டது. பழ ஈயின் டிஸ்காம் பரம்பரையலகில் 12, 48, 33, 2 என நான்கு தொகுதி மாற்றுப்பகுதிகள் உள. ஒவ்வொன்றிலும் ஒன்று தெரிந்தெடுக்கப்பட, 38,016 வடிவங்கள் கணக்களவில் இயலும். மனிதரிடத்தே, பல எக்சோன்களையுடைய பரம்பரையலகுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை மாற்றொட்டுக்கு உட்படுவன என 2008இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

இனி, குறை. தாம் கண்ட நெகிழ்ச்சியைத் தாம் சூட்டிய பெயர்களில் அவர் அமைத்தாரில்லை. ஓரிழையத்தில் எஞ்சி மற்றோரிழையத்தில் நீக்கப்படும் பகுதியை யாதென்பது? 'வந்தவன்' என்பது ஆளின் இயற்பெயரன்று. வருதற்றொழில் பற்றி வந்த வினையாலணையும் பெயர். எக்சோன் என்பதும் அத்தகையதே. நிகழ்ச்சிக்குரிய பெயரைப் பொருளின் நிலைத்த பெயராகக் கொள்வதே மயக்கத்துக்கு வித்து. நம் பாடக்குறிப்புகளோ மயக்கத்தைப் பெருக்கின. புரதமாகப் பெயர்க்கப்படுவதே எக்சோன் என்பது அவ்வியாத்தி என்னுங் குற்றமுடைத்து. தூதின் இருமுனைகளிலும் எக்சோனைச் சார்ந்தும் புரதமாகாத பகுதிகள் உளவாகலின். நீக்கப்படுவது பயனற்றது என்பதோ கில்பேட் கூறாதது. இன்ரோன்கள் கூர்ப்புக்கு வழி திறப்பன என்பதே அவர் கருத்து.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. முள்ளந்தண்டுத் தசைநலிவு நோயுடைய குழந்தைகள் எஸ்.எம்.என்.1 என்னும் பரம்பரையலகின் பயனை இழந்தவர்கள். அதனோடு பெரிதும் ஒத்த எஸ்.எம்.என்.2 அவர்களிடம் உண்டு. எனினும் ஏழாம் எக்சோனில் ஒரு மூலம் மாறியிருத்தலின், அப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போக, சிறிதளவு புரதமே செவ்வனே அமைகின்றது. கில்பேட் ஊகித்த இரண்டும் இங்கே ஒருங்கே காணப்படுகின்றன. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட நுசினேர்சன் என்னும் மருந்து, அவ்வெக்சோனை அடுத்துள்ள இன்ரோனிலே பற்றி, எக்சோனை விலக்கும் குறியை மறைக்கின்றது. ஏழாம் எக்சோன் தூதில் தங்குகின்றது. பயனற்றது என மாணவர் எழுதிய பகுதியிலேதான் குழந்தையின் உயிர்காக்கும் மருந்து சென்று பற்றுகின்றது.

ஆதலின், அக்கட்டுரை தொலைநோக்கிற் சிறந்தது; பெயரீட்டிற் குறையுடையது. அப்பெயர்களை இனி மாற்றுதல் அரிது. அவற்றை நிகழ்ச்சிப் பெயர்கள் எனத் தெளிவித்துக் கற்பித்தல் ஆசிரியர்க்கு எளிது, அது கடனுமாம்.