தீவகக் கடலும் தேசங்களின் ஒத்துழைப்பும்

பயங்கரவாதத்தைத் தடுக்கும்பொருட்டு ஓர் அரசு மற்றோர் அரசுக்கு உளவுச் செய்தி அறிவிப்பதும், வலிமை மிக்க தேசங்கள் வலிமை குறைந்த தேசங்களின் படைகளுக்கும் பொலிசாருக்கும் கப்பலும் கருவியும் பயிற்சியும் அளிப்பதும், ஆயுதத்துக்குப் பணம் செல்லும் வழிகளை எல்லாரும் கூடி அடைப்பதும் இக்காலத்து உலக நடைமுறையில் வேரூன்றிவிட்ட வழக்கங்களாகும். இவ்வழக்கங்களின் குணதோஷங்களை ஆராய்வோர் பெரும்பாலும் தலைநகரங்களில் இருந்துகொண்டே ஆராய்கின்றனர். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில், நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ நின்று நோக்குவோருக்கு அவை வேறொரு வடிவில் தோன்றுகின்றன. இத்தீவுகள் இந்திய இலங்கைக் கடலெல்லையை அடுத்துக் கிடப்பவை. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கைக்குரியதென வரையறுக்கப்பட்ட கச்சதீவு, நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குவது. நெடுந்தீவாரும் நயினாதீவாரும் யாழ்ப்பாண நகரை அடைய வேண்டுமாயின் கடல் கடந்து குறிகட்டுவான் துறையில் இறங்குகின்றனர். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தின் பெரும்பகுதியில் அந்தக் கடல்வழி கடற்படையின் அநுமதிக்கும் சோதனைக்கும் உட்பட்டே இருந்தது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ சுவிற்சர்லாந்திலோ பிரான்சிலோ உறவினர் இல்லாத குடும்பம் தீவகத்தில் அரிது. ஆகவே கடற்காவல், உளவு, வெளிநாட்டுப் பணம் என இந்த ஒத்துழைப்பு எவற்றைக் கருதி ஏற்பட்டதோ அவை மூன்றும் இச்சிறு நிலப்பரப்பில் வந்து கூடுகின்றன.

என் முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றேன். ஒத்துழைப்பு அவசியமானது, அதனை வேண்டாமென்று தள்ளுவோர் உண்மையை முழுவதும் காணாதவர். ஆனால் இந்நாட்டில் அது அரசின் கரத்துக்குப் பலம் ஊட்டிய அளவிலே அக்கரத்தை நியாயத்தின்முன் நிறுத்தும் ஸ்தாபனங்களுக்குப் பலம் ஊட்டவில்லை. அந்தக் குறை, அதன் முதல் நோக்கமாகிய தடுப்பு வேலையையே பாழாக்கியது.

உடன்படிக்கைகளுக்குக் குறைவில்லை. பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்கான சார்க் பிராந்திய உடன்படிக்கை 1987 நவம்பரில் காத்மண்டுவிலே கைச்சாத்தாயிற்று; மறுவருடமே இலங்கை அதற்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. 2001 செப்டெம்பர் 28ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1373ஆம் இலக்கத் தீர்மானம், பயங்கரவாதத்துக்குச் செல்லும் பணத்தைத் தடுக்கும்படி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தியது. இவற்றுள் என் கருத்துக்கு மிக முக்கியமானது 2006 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உலகளாவிய உபாயத் திட்டமாகும். ஏனெனில் பயங்கரவாதம் முளைப்பதற்கு ஏதுவான நிலைமைகளை நீக்குதல், அதைத் தடுத்துப் பொருதல், அரசுகளின் ஆற்றலை வளர்த்தல், மனித உரிமையையும் சட்டத்தின் ஆட்சியையும் காத்தல் என்ற நான்கு தூண்களையும் அது ஒருங்கே நிறுத்தி, நான்காவது தூண் ஏனைய மூன்றுக்கும் ஆதாரம் என்பதையும் ஒப்புக்கொண்டது. தீவகத்தின் அநுபவம், மூன்றாவது தூண் உயர உயர நான்காவது தூண் அடித்தளத்தோடே நின்றுபோன வரலாறு எனலாம்.

எனினும் நன்மையை மறைப்பது நேர்மையன்று. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் இந்தியாவின் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும், 1999இல் கொழும்பில் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் நீலன் திருச்செல்வமும் தற்கொலைக் குண்டுகளுக்கு இரையாயினர். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியின் வாயிலில் வெடித்த குண்டு, எந்தப் போரிலும் சம்பந்தப்படாத தொண்ணூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. இச்செயல்களை நிகழ்த்திய விடுதலைப் புலிகள் இயக்கம் பல கண்டங்களிலே பணம் திரட்டி, தன் சொந்தக் கப்பல்களிலே ஆயுதம் ஏற்றி, நடுக்கடலில் இறக்கிக் கரைசேர்த்த இயக்கம். அத்தகைய வலைப்பின்னலை ஒரு தனி நாடு தன் கரையில் நின்றுகொண்டு அறுத்துவிட முடியாது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் அவ்வியக்கத்தின் ஆயுதக் கப்பல்களை இலங்கைக் கடற்படை கரையிலிருந்து மிகத் தொலைவிலே கண்டு மூழ்கடித்ததற்கு, இந்தியாவும் ஐக்கிய அமெரிக்காவும் தந்த உளவுத் தகவல்களும், அவ்விரு நாடுகளிடமிருந்து பெற்ற பெரிய ரோந்துக் கப்பல்களும் துணைசெய்தன. ஆற்றல் வளர்ப்பு என்ற கொள்கை தன் சொல்லைக் காப்பாற்றிய சந்தர்ப்பம் அது.

அந்த வெற்றியைக் கண்டு, கப்பலும் தகவலும் கிடைத்தால் போதும் என்று எண்ணியிருந்தோரை 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்கள் தட்டியெழுப்பின. ஒத்துழைப்பின் திறத்தை அளப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் உலகில் எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தாக்குதலுக்கு 17 நாட்களுக்கு முன்பே, ஏப்ரல் 4ஆம் நாள், இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. தாக்கக்கூடியவர் யார் என்பதும், கத்தோலிக்க தேவாலயங்கள் இலக்காகக்கூடும் என்பதும் அதிலே கூறப்பட்டிருந்தன. ஓர் அயல்நாடு மற்றோர் அயல்நாட்டுக்குச் செய்யக்கூடிய பேருதவி அது. அந்தச் செய்தி மேசையிலிருந்து மேசைக்குக் கடிதமாகச் சென்றது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே மூண்டிருந்த பகையினால் பிரதமர் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படாத காலம் அது. தேவாலயங்களில் வழிபட வந்தோருக்கு ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கொழும்பு விடுதிகளிலுமாக 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர்கள். அந்த எச்சரிக்கை யாருக்காக அனுப்பப்பட்டதோ அவர்களுடைய சமயத்தவரே இவ்வூர்களிலும் அன்று காலைத் திருப்பலிக்குச் சென்றிருந்தனர். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாயிருந்த மைத்திரிபால சிறிசேன தமது சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனவும், பொலிஸ் மா அதிபரும் உளவுத்துறைத் தலைவரும் உட்பட ஏனைய அதிகாரிகளும் தத்தம் பங்குக்குச் செலுத்த வேண்டுமெனவும் தீர்ப்பளித்தது.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தத் தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாசிமைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் பல ஆண்டுகளுக்கு முன்னரே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். வெளிநாட்டு உளவுத்துறையின் சொல்லும் வந்தது. உள்நாட்டுக் குடிமக்களின் சொல்லும் வந்தது. இரண்டையும் பொறுப்போடு ஏற்றுச் செயற்படும் நிர்வாகம் மாத்திரம் இருக்கவில்லை. அந்த ஆற்றலை எந்தக் கப்பலும் எந்தக் கணினியும் தந்துவிடாது.

குடிமக்கள் அரசிடம் சொல்ல முன்வருவது, சொல்லிய பின் தமக்குத் தீங்கு வராது என்ற நம்பிக்கை இருக்கும்போதுதான். தீவகத்திலே அந்த நம்பிக்கை எவ்வாறு அழிந்தது என்பதை அறிய 1985 மே 15ஆம் நாளுக்குச் செல்ல வேண்டும். அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலிலே மறித்து ஏறியவர்கள், பெண்களும் குழந்தைகளும் அடங்கிய பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றனர். குறைந்தது 23 பேர் மாண்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்தது. தப்பியவர்கள் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். 2006 மே 13இல் அல்லைப்பிட்டியிலும் அயலூர்களிலுமாக 13 பேர் கொல்லப்பட்டனர். அங்கேயும் குற்றச்சாட்டு கடற்படையினர்மேல் எழுந்தது, அரசு மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஷெல் வீச்சுக்கு அஞ்சித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த மக்களோடு நின்ற அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் காணாமற்போனார். இவற்றுள் ஒன்றுக்கேனும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்த வருடங்களில் எல்லாம் வெளிநாட்டுப் பயிற்சி நடந்துகொண்டே இருந்தது என்பதுதான் விமர்சகன் நின்று நோக்கவேண்டிய இடம். 1984 முதல் கீனி மீனி என்ற பெயரால் அறியப்பட்ட பிரித்தானியத் தனியார் நிறுவனம் இலங்கைப் பொலிசின் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்தது. அந்நிறுவனத்தாரின் செயல்கள் போர்க்குற்றம் ஆகுமா என்று லண்டன் பொலிசார் விசாரிக்கத் தொடங்கியதோ 2020இல், ஏறக்குறைய ஒரு தலைமுறை கழிந்த பின்னர். ஸ்கொட்லாந்துப் பொலிசார் பல ஆண்டுகள் இலங்கைப் பொலிசாருக்கு நவீன முறைகளைக் கற்பித்தனர். மனித உரிமை அமைப்புகளும் புலம்பெயர்ந்த தமிழரும் இடைவிடாது கேட்ட கேள்விகளின் பின், 2021இல் அதனைத் தொடரப்போவதில்லை என அறிவித்தனர். பயிற்சியாளர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. நல்ல முறைகளைக் கற்ற அதிகாரி அவற்றைக் கடைப்பிடிக்காதபோது கேட்பதற்கு ஒரு நீதிமன்றமும், தண்டிப்பதற்கு ஓர் ஒழுக்க விசாரணையும் இல்லையாயின், பயிற்சி வகுப்பறையிலேயே முடிந்துவிடுகின்றது; பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் மாத்திரம் அரசின் நற்பெயருக்குச் சாட்சியாக உலக அரங்கிலே காட்டப்படுகின்றது.

சட்டத்தின் நிலைமையும் இதுவே. மூன்று ஆண்டுகளுக்கென்று 1979இல் தற்காலிகமாகப் பிறந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்றஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக அது ஏற்றுக்கொள்கிறது. வழக்கின்றித் தடுத்துவைக்கும் காலம் 18 மாதங்களாக நெடுங்காலம் நீடித்து, 2022இன் திருத்தத்தால் 12 மாதங்களாகக் குறைந்தது. சிங்கராசா வழக்கு இதன் விளைவை ஐயந்திரிபறக் காட்டியது. தாம் அறியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளமிட்டு நீண்ட சிறைத்தண்டனை பெற்ற அத்தமிழர், ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என 2004இல் குழு கூறியது. ஆனால் அக்குழுவிடம் முறையிடும் உரிமையை மக்களுக்கு அளித்த நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதே இலங்கை, பாதுகாப்புச் சபையின் 1373ஆம் தீர்மானத்துக்குச் சட்ட வலுவூட்டி 2012இல் ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிட்டது. ஒரே உலக மன்றம் தடுக்கச் சொன்னதை ஏற்றுக்கொண்டு, காக்கச் சொன்னதைத் தள்ளிவிட்ட இந்தத் தெரிவை, உதவி வழங்கிய நாடுகள் போதிய வன்மையோடு கண்டிக்கவில்லை என்பதே என் பெருங் குற்றச்சாட்டு.

அந்த ஒழுங்குவிதிகளின் பயன் பணத்திலே தெரிந்தது. தீவகத்தின் பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் நூலகங்களுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் பணம் அனுப்புவது யாவரும் அறிந்தது. ஆயுதத்துக்குச் செல்லும் பணத்தைத் தடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. வற்புறுத்தி வாங்கிய பணமும் அதில் இருந்தது. ஆயின் 2014இல் 16 அமைப்புகளும் 424 தனிமனிதரும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அரசு மாறிய பின் 2015இல் அவற்றுள் பாதியளவு அமைப்புகள் நீக்கப்பட்டன. மீண்டும் அரசு மாறிய பின் 2021இல் சேர்க்கப்பட்டன. நாடு பொருளாதார வீழ்ச்சியுற்று வெளிநாட்டுப் பணத்துக்கு ஏங்கிய 2022இல் மறுபடியும் பல நீக்கப்பட்டன. சாட்சியத்தின் அடிப்படையில் அமைந்த பட்டியல் தேர்தலோடு ஏறியிறங்குமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றங்கள் 2014இலும் 2017இலும், பத்திரிகைச் செய்திகளையே ஆதாரமாக வைத்து ஓர் இயக்கத்தைப் பட்டியலிட இயலாது என்ற நெறியை வலியுறுத்தின. அத்தகைய நீதிப்பரிசோதனை இங்கே இருந்திருந்தால் உண்மையான குற்றவாளியும் அகப்பட்டிருப்பான், ஊருக்குப் பணம் அனுப்புபவரும் அச்சமின்றி இருந்திருப்பார்.

தீவகத்தார் ஒத்துழைப்பை விரும்பாதவர் அல்லர். 2001 நவம்பர் 28இல் தேர்தல் பிரசாரத்துக்காக ஊர்காவற்றுறைக்குச் சென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டு இருவர் மாண்டனர். 2016இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியை (ஈ.பி.டி.பி.) சேர்ந்த மூவருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டோரில் வெளிநாடு சென்றுவிட்டவரும் இருந்தனர்; அவர்களைத் திருப்பிப் பெறுவதற்கும் ஒத்துழைப்பே வேண்டும். மரண தண்டனை உள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்ப ஐரோப்பிய நாடுகள் இசைவதில்லை. சித்திரவதையால் பெற்ற வாக்குமூலத்தின் கறையும் எல்லா வழக்குகளின்மேலும் படிந்துவிடுகின்றது. நீதியின் தரம் தாழ்ந்தால் ஒத்துழைப்பே தடைப்படும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்று இந்தியா, இலங்கை, மாலைதீவு முதலிய நாடுகள் கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்ற பெயரால் கூடி, பயங்கரவாதத் தடுப்பையும் கடற்பாதுகாப்பையும் பற்றி ஆலோசிக்கின்றன. நல்லது. நெடுந்தீவு மீனவரின் வலையை அறுத்துச் செல்லும் இழுவைப் படகுகளின் பிரச்சினை அதே கடலில் ஆண்டுக்கணக்காகத் தீராமல் கிடக்க, அம்மீனவரிடமிருந்து சந்தேகப் படகுகளைப் பற்றித் தகவல் எதிர்பார்ப்பது எவ்விதத்தில் பொருந்தும்? அவர்களுடைய மொழியைப் பேசும் பொலிசாரையும், அவர்களுடைய முறையீட்டுக்கு விடைதரும் அதிகாரியையும் அரசு முதலில் தரட்டும்.

வெளியிலிருந்து வரும் நெருக்குதல் பயனற்றது என்பாருக்கு ஒன்று சொல்வேன். 2010இல் இழந்து 2017இல் மீளப்பெற்ற ஐரோப்பிய வரிச்சலுகையைக் காத்துக்கொள்ளும் கவலையே 2022இன் சட்டத்திருத்தத்துக்குப் பெரிதும் காரணமாயிற்று. ஸ்கொட்லாந்திலும் குடிமக்கள் கேட்டதனாலேயே மாற்றம் வந்தது. ஆகவே கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் குடியுரிமை பெற்று வாழும் தீவகத்து மக்களே, உங்கள் அரசு இலங்கைப் படைக்கும் பொலிசாருக்கும் அளிக்கும் ஒவ்வொரு பயிற்சி ஒப்பந்தத்தையும் பகிரங்கமாக வெளியிடும்படி உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் எழுத்திலே கேளுங்கள். குமுதினிப் படகு, அல்லைப்பிட்டி ஆகிய வழக்குகளில் சுயாதீன விசாரணை நடப்பதை அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்கும்படியும் கேளுங்கள்.