பகற்குறியும் கொலைக்களமும்: ‘புளோ-அப்’ திரைப்படத்தின் பூங்கா

இத்தாலிய இயக்குநர் மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனி ஆங்கிலத்தில் எடுத்த முதல் முழுநீளப் படம் ‘புளோ-அப்’ (1966). 1967ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் முதன்மைப் பரிசைப் பெற்ற இப்படத்தைப் பற்றி எழுதியோர் பலரும் ‘மெய்யும் தோற்றமும்’ என்னும் பொதுத்தலைப்பின்கீழ் அதனை அடக்கிவிடுவர். அது தவறன்று, ஆயினும் போதாது. கதைத்தலைவன் ஏன் ஆடையலங்கார நிழற்படக் கலைஞனாக இருக்க வேண்டும்? அவன் ஒரு கொலையைக் கண்டும் காணாதிருக்கும் இடம் ஏன் நகரப் பூங்காவாக அமைய வேண்டும்? இவ்விரு வினாக்களையும் இணைத்து நோக்குவது பயனுடையது.

படத்திற்கு வித்தாக அமைந்தது அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸாரின் சிறுகதையாகும். 1959இல் வெளிவந்த தொகுப்பொன்றில் இடம்பெற்ற அக்கதையின் தலைவன் பாரிசில் வாழும் மொழிபெயர்ப்பாளன்; நிழற்படக் கருவி அவனுக்குப் பொழுதுபோக்கு. அந்தோனியோனி பாரிசை இலண்டனாக்கினார், பொழுதுபோக்கைப் பிழைப்பாக்கினார். இரண்டாவது மாற்றமே பெரிது. தலைவன் தாமஸ் (நடிகர் டேவிட் ஹெமிங்ஸ்) தன் படப்பிடிப்புக் கூடத்தில் பெண்களை நிற்கவும் கிடக்கவும் திரும்பவும் பணிப்பவன். ஒரு காட்சியில் மாடல் அழகியர் சிலரைக் கண்மூடி நிற்கச் சொல்லிவிட்டு அவர்களை அப்படியே விட்டு வெளியேறிவிடுகிறான். எங்கு நோக்க வேண்டும், எப்போது நோக்கக் கூடாது என்பதை முடிவு செய்வதே அவன் தொழில்.

இத்தொழிலில் ஊர் என்பது மாற்றத்தக்க திரைச்சீலை மட்டுமே. விருந்தொன்றில் மாடல் அழகி வெருஷ்காவைக் காணும் தாமஸ், அவள் பாரிசில் இருக்க வேண்டியவள் அல்லவா என்று வியக்க, தான் பாரிசில்தான் இருப்பதாக அவள் அமைதியாகச் சொல்கிறாள். நகைச்சுவையாகத் தோன்றும் இவ்விடத்தை நான் படத்தின் திறவுகோல்களுள் ஒன்றாகவே கருதுகிறேன். பழம்பொருட்கடைப் பெண் நேபாளத்திற்குச் செல்ல விரும்புகிறாள். தாமசுக்கும் இலண்டன் சலித்துவிட்டது. இடம்பெயரத் துடிக்கும் இவர்களுள் எவரும் தாம் நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை.

அத்தகையவன்தான் அப்பழம்பொருட்கடையின் அருகிலுள்ள பூங்காவிற்குள் நுழைகிறான். தென்கிழக்கு இலண்டனின் சார்ல்டன் பகுதியிலுள்ள மேரியன் பூங்காவில் இக்காட்சி படமாக்கப்பட்டது. புல் போதிய பசுமையுடன் இல்லையெனக் கருதிய இயக்குநர் அதற்குச் சாயம் பூசச் செய்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பிற இடங்களில் ஒலிக்கும் ஹெர்பி ஹான்காக்கின் ஜாஸ் இசை இங்கு இல்லை. இலைகளின் சலசலப்பே கேட்கிறது. புறாக்களைப் படமெடுத்தவன், மேட்டில் ஓர் ஆணும் பெண்ணும் தழுவி நிற்பதைக் கண்டு, வேலிக்கும் மரத்திற்கும் பின் மறைந்து நின்று அவர்களையும் எடுக்கிறான். தன் நூலின் பிற படங்கள் வன்மை மிக்கவை என்பதால் அமைதியான இப்படத்தை இறுதியில் வைக்கலாம் எனப் பதிப்புக்குத் துணைநிற்கும் நண்பனிடம் பின்னர்க் கூறுகிறான்.

நம் அகப்பொருள் மரபு அறிந்தோர்க்கு அவன் செய்த பிழை எளிதில் விளங்கும். சோலை, பகற்பொழுது, தனித்த இருவர். ஆகவே இது பகற்குறி எனத் துணிந்துவிட்டான். நிலமும் பொழுதும் முதற்பொருளாகும். ஆனால் நிலத்தை மட்டும் கொண்டு உரிப்பொருளைத் துணிய இயலாது என்பதைத் திணைமயக்கம் பற்றிய தொல்காப்பிய விதிகளே உணர்த்தும். அகமெனக் கொண்டது புறமாகிறது. பகற்குறியெனக் கண்டது கொலைக்களமாகிறது.

இம்மாற்றம் நிகழும் இருட்டறைக் காட்சியே படத்தின் உச்சம். உரையாடலின்றி நீளும் அப்பகுதியில் தாமஸ் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் வரிசையாக ஒட்டுகிறான். தழுவி நிற்கும் பெண்ணின் (வனேசா ரெட்கிரேவ்) கண்கள் தழுவியவனை நோக்கவில்லை. அப்பால் எதையோ நோக்குகின்றன. அந்த நோக்கின் திசையைப் பற்றிச் சென்றே புதருக்குள் துப்பாக்கி ஏந்திய கையை அவன் காண்கிறான். பெண்கள் எங்கு நோக்க வேண்டுமெனக் கட்டளையிட்டே வாழ்ந்தவன், ஒரு பெண் எங்கு நோக்குகிறாள் என வினவுவது இதுவே முதல்முறை. ஆடையலங்காரத் தொழில் கதைக்கு இன்றியமையாதது ஆவது இங்கேதான். பெரிதாக்கப்பட்ட அப்படங்களை எடுத்துத் தந்தவர் போர்க்களங்களைப் படம்பிடித்த டான் மெக்கலின் என்பதும் நினைக்கத்தக்கது.

நகரச் சோலை, உற்றுநோக்கும் ஆடவன், உருவமாக மட்டும் தெரியும் பெண் என்னும் இவ்வமைப்பு நமக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் உவவனம் சித்திரம் தீட்டிய படாத்திற்கே ஒப்பிடப்படுகிறது. அங்குள்ள பளிக்கறையில் இருப்போரின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளிவராது. நிழற்படத்தின் இயல்பும் அதுவே. ஆயினும் சாத்தனார் அங்கு நின்றுவிடவில்லை. உதயகுமரன் அகன்றபின் பளிக்கறையினின்று வெளிவரும் மணிமேகலை, தன் நெஞ்சம் அவன்பின் சென்றதைச் சுதமதியிடம் வாய்விட்டுரைக்கிறாள். அந்தோனியோனியின் படத்தில் பூங்காப் பெண்ணுக்கு அத்தகைய வாய்ப்பே இல்லை. படச்சுருளைக் கேட்டு மன்றாடுகிறாள், மறைகிறாள். அவள் யார், ஏன் அங்கு வந்தாள் என்பது சொல்லப்படவில்லை. மாடலாக விரும்பிவரும் இளம்பெண்கள் இருவரும் கேளிக்கைப் பொருளாகவே நடத்தப்படுகின்றனர். தலைவனின் பார்வையைக் குறைகூறும் இப்படம், பெண்களைப் பொறுத்தவரை அதே பார்வையைத் தானும் கடன்வாங்குகிறது. இதனைக் குறையாகச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வகுப்பில் இப்படத்தைத் திரையிட்டால் மாணவர் கேட்கும் முதற்கேள்வி, கொன்றவர் யார் என்பது. படம் அதற்கு விடை தருவதில்லை. கொலையுண்டவனின் பெயரைக்கூடத் தருவதில்லை. எஞ்சிய ஒரே படமும் மிகப் பெரிதாக்கப்பட்டமையால் வெறும் புள்ளிகளாகிவிடுகிறது. அது ஓவிய நண்பனின் ஓவியம்போல் இருப்பதாக அவ்வோவியனுடன் வாழும் பெண் சொல்கிறாள். இரவில் தாமஸ் பிணத்தைக் கண்டபோது அவன் கையில் கருவி இல்லை. மறுநாட்காலை கருவியோடு வந்தபோது அங்குப் பிணம் இல்லை.