பிலிம் சுருளும் டிஜிட்டல் கருவியும்

பிலிம் சுருளில் எடுத்ததே கலை. டிஜிட்டற் படம் வெறும் விளையாட்டு என்று கற்றோர் சிலர் சாதித்து வருகின்றனர். இக்கூற்றை ஆராயாது ஒப்புதல் நமக்கு இயலாது.

சுருளின் சிறப்பை முதற்கண் கூறுவோம். உச்சிவெயிலில் வெள்ளை வேட்டியைப் படம் பிடிக்குங்கால், ஒளி சற்று மிகினும் நெகட்டிவ் அதன் மடிப்புகளைக் காத்து நிற்கும். டிஜிட்டற் கருவியிலோ எல்லை கடந்த வெண்மை மீளாது. ஒரு சுருளுக்கு 36 படங்களே ஆதலின், எடுப்போரும் எண்ணி எடுத்தனர்.

ஆயினும் விடியுமுன் தலைவிளக்குடன் பால்மரம் வெட்டுவோரின் முகத்தைக் காட்ட வல்லது எது? அவ்விருளில் சுருள் பெரிதும் தோற்கும்; இந்நாளைய டிஜிட்டற் கருவி வெல்லும். 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் அமைத்த முதற் கருவி, ஒரு படத்தைப் பதிய 23 விநாடி கொண்டது. இன்றோ தொழிலாளியின் கைப்பேசியே அப்பணியை நொடியில் முடிக்கின்றது.

சுருளுக்கும் பணம், கழுவுதற்கும் பணம் என்றிருந்த காலத்தில் ஏழைக்குப் படம் ஏது? யாம் அறிந்த லயங்கள் பலவற்றில், 1948இல் வந்த அடையாள அட்டைக்கென எடுத்த படமன்றிப் பாட்டன்மார்க்கு வேறு படமில்லை. இவ்வுண்மையை மறந்து சுருளைப் போற்றுவது செல்வர் வாதமேயாம்.

எனினும் ஒன்று கூறுவோம். அவ்வொற்றைப் படம் தகரப்பெட்டியில் இன்றும் உளது. கைப்பேசியிலுள்ள ஆயிரம் படங்களோ, அது பழுதானால் உடன் மாயும். எனவே அன்பர்காள், ஆண்டுக்கு ஒரு படமேனும் அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி வைப்பீராக! பேரர்க்கு முகம் காட்டும் படமே நற்படம்.