‘கன்னி’ எங்கிருந்து வந்தாள்?

‘கன்னிச்சவ்வு’ என்றொரு கலைச்சொல் தமிழில் புழங்குகிறது. சிலர் ‘கன்னித்திரை’ என்பார்கள். ஆங்கிலத்தில் ஹைமன். மூலமான கிரேக்கத்தில் அதற்குச் சவ்வு என்றுதான் பொருள். இதயத்தைச் சுற்றியுள்ள உறையையும் அரிஸ்டாட்டில் அதே சொல்லால்தான் குறித்தார். தேனீ, குளவி, எறும்பு வகையறாவுக்கு உயிரியலார் வைத்த பெயர் ஹைமனாப்டெரா, அதாவது சவ்வுச் சிறகிகள். தேனீயின் இறக்கையில் யாரும் கற்பைத் தேடவில்லை. பெண்ணுடம்பு என்று வந்ததும் ஒரு ‘கன்னி’ முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறாள்.

தமிழ் எம்.ஏ.வுக்கு உடற்கூறில் என்ன வேலை என்று கேட்கலாம். பெயர்ச்சொல் எங்க இலாகாதானே! இலக்கணப்படி இது காரணப்பெயர். சொல்லப்படும் காரணம்தான் பொய்.

யோனிவாயிலின் ஓரத்தில் மடிப்பாக அமைந்த மெல்லிய திசு அது. மூடிய திரை இல்லை. அபூர்வமாகச் சிலருக்குப் பிறவியிலேயே மூடியிருக்கும். மாதவிடாய் ரத்தம் உள்ளேயே தேங்கி, சிறிய அறுவைச் சிகிச்சை தேவைப்படும். மற்றபடி ஆளுக்கொரு வடிவம். நெகிழக்கூடியது, உடலுறவில் கிழியாமலும் இருக்கலாம், ரத்தம் வராமலும் போகலாம். அதைப் பார்த்து ஒருத்தி யாரோடு படுத்தாள், படுக்கவில்லை என்று எந்த டாக்டராலும் சொல்லமுடியாது. ஆக, உறுப்பின் பெயரில் இருப்பது உறுப்பின் குணமல்ல, ஒழுக்கம் பற்றிய சொல்லாடல். (‘மாதவிலக்கு’ம் இந்த வகைதான். உடம்பில் நடப்பதற்கு, வீட்டில் ஒதுக்கிவைப்பதிலிருந்து பெயர்.)

இந்தப் பொய் அகராதியோடு நிற்பதில்லை. வன்புணர்ச்சிக்கு ஆளானவர்களை ‘இருவிரல் சோதனை’ செய்து, உடலுறவுக்குப் பழக்கப்பட்டவள் என்று எழுதிக்கொடுத்தார்கள். அதை வைத்து அவள் சொல்லை நம்பாதே என்று வாதாடினார்கள். அந்தரங்கத்தையும் மாண்பையும் மீறும் சோதனை என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொன்னது. சொல்லியும் நிற்காததால், செய்கிறவர்கள் தவறான நடத்தைக்குக் குற்றவாளிகள் என்று 2022இல் மறுபடி சொல்லவேண்டி வந்தது. சான்றிதழ் என்னவோ ஆங்கிலத்தில்தான். அதை அவள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது ‘கன்னி’யும் கூடவே வருகிறாள்.

ஸ்வீடனிலும் பழைய சொல்லுக்குக் கன்னிமைச் சவ்வு என்றே பொருள். 2009இல் ஆர்.எஃப்.எஸ்.யூ. என்ற பாலியல் கல்வி அமைப்பு அதை விட்டுவிட்டு, யோனி வளையம் என்கிற மாதிரிப் பொருள்தரும் புதுச்சொல்லை முன்வைத்தது. பேரை மாத்தினா முதலிரவு விசாரணை நின்னுடுமா என்றார் தோழி ஒருவர். நிற்காதுதான். ஆனால் அந்த விசாரணைக்கு விஞ்ஞானத்தின் முத்திரையை நாம் ஏன் குத்தித்தரவேண்டும்?

‘யோனிவாய் மடிப்பு’ என்று எழுதிப்பார்த்தேன். கொஞ்சம் நீளம். இதைவிட நல்லது கையில் இருந்தால் எழுதுங்கள்.