கரையிலே கணக்கு, கோப்பிலே பூட்டு

வேம்பார்க் கரையோரம் மூச்சடக்கி மூழ்கி முத்துச் சிப்பி அள்ளிய காலம் ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டோடு மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கத்தில் அந்தத் தொழில் ஓய்ந்தது. வெள்ளையன் ஆண்டபோது அதற்கொரு முறை இருந்தது. அள்ளி வந்த சிப்பியைக் கரையிலே கொட்டுவர், மூன்று கூறாக்குவர், இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவனுக்கு. அரசின் கூறு ஏலத்துக்கு வரும். நியாயமான பங்கா அது? உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒன்று. குடை நிழலிலே நின்றவனுக்கு இரண்டு! ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. ஆண்டவன் அந்நியன், கணக்கோ கண்முன்னே.

இன்று ஆள்வது நாம் வாக்களித்து அமர்த்திய அரசு. கணக்கு எங்கே?

“அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே!” என்பர். இருக்கிறது. சட்டமும் ஒரு நூல்தான்; நூலென்றால் திறனாய்வுக்கு உட்பட்டதே. பார்ப்போம்.

தகவல் பெறும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் செய்தது தமிழ்நாடு, 1997-ஆம் ஆண்டில். பெருமைதான். ஆனால் பெருமை, குறையை மறைக்கும் போர்வையாகக் கூடாது. அந்தச் சட்டத்திலே விலக்குகள் இருபதுக்கு மேல். தகவல் தர மறுத்த அதிகாரிக்குத் தண்டமோ இல்லை. கதவு வைத்தார்கள், திறவுகோலை உள்ளே இருப்பவரிடமே கொடுத்தார்கள்.

2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அதைவிட மேலானது. ஏன் கேட்கிறாய் என்று குடிமகனை வினவக் கூடாது. 30 நாளில் விடை தரவேண்டும். காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய், அதிகாரியின் பையிலிருந்து. கைகட்டி நின்றவனைக் கணக்குக் கேட்க வைத்த சட்டம் இது. ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசின் விருப்பத்துக்கு விட்டது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ‘தனிப்பட்ட விவரம்’ என்ற விலக்கை அகலத் திறந்தது. கோட்டையை இடிக்கவில்லை, செங்கல் செங்கலாக உருவுகிறார்கள்!

நூலின் தரத்தை நிகழ்ச்சியில் உரைத்துப் பார்ப்போம். வேம்பாருக்குத் தெற்கே வைப்பார். 2013 ஆகஸ்டில் அங்கே தாது மணல் அள்ளப்படுவதை மாவட்ட ஆட்சியர் சோதனையிடச் செய்தார். அன்றைக்கே அவருக்கு இடமாற்றம்! பின்னர் ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைந்தது. குழு அறிக்கையும் தந்தது. மக்களோ அதைப் படிக்க முடியவில்லை. ஆண்டுகள் பல அது கோப்பிலேயே கிடந்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணையிட்டு, 5,832 கோடி ரூபாய் வசூலிக்கவும் சொன்னபோதுதான், எவ்வளவு பெரிய கணக்கு மூடிக் கிடந்தது என்பது நாட்டுக்குப் புரிந்தது.

மணல் போனது மக்கள் கண்முன்னே. கணக்கு மட்டும் மக்களுக்கு மறைவு!

இந்த நூலின் உயிர்ப்பகுதி 4-ஆம் பிரிவு. யாரும் கேட்காமலே அரசு தானாக வெளியிட வேண்டும். மக்கள் விண்ணப்பம் போடும் தேவையே குறைய வேண்டும். வட்டார மொழியைக் கருத்திற்கொண்டு பரப்ப வேண்டும் என்கிறது அது. சட்டத்திலே சிறந்த பகுதி. செயலிலே மெலிந்த பகுதியும் அதுவே. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனுக்குச் சட்டம் விடை தருகிறது. வலை இழுத்துக் களைத்தவன், கூலி நாளை விட்டுவிட்டு எந்த அலுவலகப் படியிலே நிற்பான்?

எனவே நம் கோரிக்கை எளிது. எந்தக் கரையிலே எவருக்கு உரிமம், எத்தனை டன், அரசுக்கு வந்த தொகை எவ்வளவு என்று அந்தந்த ஊரிலே, தமிழிலே, பலகையில் எழுதி வையுங்கள். குழு அறிக்கை வந்தால் அச்சிட்டு ஊராட்சிக்கு அனுப்புங்கள். சிப்பியைக் கரையிலே கொட்டி எண்ணிக் காட்ட அந்நியனால் முடிந்தது. மணல் கணக்கைக் கரையிலே காட்ட நம்மவரால் முடியாதா?